இலை கொட்டும் ஃபைக்கஸ் போன்சாய்: தண்ணீர் கூடிவிட்டதா, போதவில்லையா?

புதுத்துளிர்:

வணக்கம். போன்சாய் வளர்ப்புக்கு நான் புதிது. என்னிடம் இருப்பது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா (ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த மரம்), அடியில் கிழங்குபோலப் பருத்த வேர்கள் வெளியே தெரியும் வகை. உயரம் சுமார் 30 செ.மீ. பீங்கான் தொட்டியின் உள்ளளவு 18 × 13 செ.மீ., ஆழம் 5 செ.மீ., அடியில் ஒரே ஒரு துளை. மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கிளையில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறது.

அறைக்குள் ஜன்னலிலிருந்து 2 மீட்டர் தள்ளி மேசைமேல் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர், மாலையில் இலைகளுக்குத் தெளிப்பு. வாங்கிய சில வாரங்களில் உள்பக்கத்து இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. இப்போது பச்சை இலையே தொட்டால் உதிர்கிறது. பாதி இலைகூட மிச்சமில்லை. திரவ உரம் ஒருமுறை கொடுத்தேன், பலன் தெரியவில்லை.

செடி செத்துவிட்டதா? உடனே தொட்டி மாற்றலாமா? கிளைகளை வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும் என்கிறார்களே, அது சரியா?


வேர்க்கால்:

முதல் வேலையாக உரத்தை நிறுத்துங்கள். வேர் எடுத்துக்கொள்ளாத உரம் உப்பாக மண்ணிலேயே தங்கி, மிச்சமிருக்கும் வேர் நுனிகளையும் கருக்கிவிடும். கத்தரியையும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகி உதிர்வதை மட்டும் வைத்துத் தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வேர் காய்ந்தாலும் இலைக்குத் தண்ணீர் ஏறாது, அழுகினாலும் ஏறாது. இரண்டுக்கும் மேலே தெரிவது ஒரே அடையாளம்தான். அழுகிக்கொண்டிருக்கும் செடி வாடுவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் புதியவர்கள் கையில் போன்சாய் சாவதற்கு முக்கியக் காரணம். தொட்டிக்குள் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு முன் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய கிளையின் நுனியில், நகத்தால் 2 மி.மீ. நீளத்துக்குப் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம்வரை உயிர் உண்டு. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே வந்து சுரண்டுங்கள். நுனியில் தொடங்கி அடியை நோக்கித்தான் வர வேண்டும். எடுத்ததும் தண்டில் கை வைத்தால் வீணாக வடு விழும். ஃபைக்கஸாக இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: உயிருள்ள இடத்தைக் கீறினால் வெள்ளைப் பால் கசியும். பருத்த வேர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. அழுத்தினால் அமுங்கினால் அந்த வேர் போய்விட்டது.

அடுத்து, மேலே ஒட்டியிருக்கும் கற்கள். அவை அழகுக்கும் இல்லை, செடிக்கும் இல்லை. வண்டியில் ஏற்றி இறக்கும்போது மண் கொட்டாமலிருக்க ஒட்டுவது. அந்தப் பசைத்தட்டு இருக்கும்வரை ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும். மண்ணுக்குக் காற்றும் போகாது, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கவும் முடியாது. திருப்புளி முனையால் ஓரத்திலிருந்து நெம்பித் துண்டு துண்டாக எடுத்துவிடுங்கள். தண்டை ஒட்டிய கல்லைப் பிய்க்காதீர்கள், பட்டையோடு வந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன்மேல் வைத்தால் பெரும்பாலும் இளகும்.

கல்லை எடுத்த பிறகு ஒரு மூங்கில் குச்சியை, ஐஸ்கிரீம் குச்சி ஆனாலும் சரி, தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் அடிவரை செருகி 10 நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சி எவ்வளவு தூரம் கருத்து நனைந்திருக்கிறது என்று பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி. சாக்கடை வாடை வந்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகிக்கொண்டிருக்கிறது.

அழுகல் வாடை வந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். தொட்டிச் சுவரை ஒட்டிக் கத்தியை ஒரு சுற்று விட்டு, அடிமரத்தைப் பிடித்து மண்கட்டியோடு சேர்த்துத் தூக்குங்கள். உதறவோ கழுவவோ வேண்டாம், பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று இங்கே எழுதுங்கள். வேர் நன்றாக இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடலாம்.


சாளரம்:

வேர்க்கால் சொல்றது எல்லாம் சரி. ஆனா வெளிச்சத்தைப் பத்தி யாரும் பேசலையே. ஜன்னல்ல இருந்து 2 மீட்டர்னா அது நம்ம கண்ணுக்குத்தான் வெளிச்சம், செடிக்கு இருட்டு.

வெட்டவெளியில உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) வரைக்கும் போகும். வெயில் நேரா படாத திறந்த இடத்துலகூட 10,000க்கு மேல இருக்கும். அறைக்குள்ள மேசை மேல சில நூறுதான். நம்ம கண்ணு தானா சரிபண்ணிக்குறதால வித்தியாசம் தெரியறதில்ல. போன்ல லக்ஸ் அளக்குற செயலியை இறக்கி ஜன்னல் விளிம்புலயும் மேசையிலயும் அளந்து பாருங்க, நம்பவே மாட்டீங்க.

இதுக்கும் வேர் அழுகலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. வெளிச்சம் இல்லைன்னா இலை தண்ணியை இழுக்காது. இழுக்கலைன்னா மண்ணு காயாது. நல்ல வெளிச்சத்துல ஒரே நாள்ல காயுற தொட்டி, இருட்டுல ஒரு வாரம் ஆனாலும் சொதசொதன்னு கிடக்கும். அதே அரை டம்ளர் அங்க சரியான அளவு, இங்க விஷம். உள்பக்க இலை முதல்ல விழுந்ததும் இதனாலதான். நிழல்ல இருக்குற இலையை வச்சுக் காப்பாத்த முடியாதுன்னு மரமே கழிச்சு விட்டுடும். இடம் மாத்தினாலே ஃபைக்கஸ் கொஞ்சம் இலை கொட்டும், அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்ல.

ஜன்னல் விளிம்புலயே வைங்க. கண்ணாடிக்கும் செடிக்கும் 20 செ.மீ. இடைவெளி போதும். அந்த வசதி இல்லைன்னா முழு நிறமாலை எல்.இ.டி. விளக்கை உச்சி இலையில இருந்து 20–30 செ.மீ. உயரத்துல தொங்கவிட்டு தினம் 12–14 மணி நேரம் எரிய விடுங்க. ஒரேயடியா உச்சி வெயில்ல மட்டும் தூக்கி வச்சிடாதீங்க. உள்ள இருந்தே பழகின இலை ஒரே மதியத்துல வெளுத்துக் கருகிடும்.

மாலையில இலைக்குத் தெளிக்கிறதை விட்டுடலாம். அந்த ஈரம் கால் மணி நேரத்துல போயிடும், செடிக்குப் பெருசா எதுவும் கிடைக்காது.


புதுத்துளிர்:

நன்றி. சொன்னபடியே பார்த்தேன்.

சுரண்டியதில் தண்டும் பெரிய கிளைகளும் பச்சை. இரண்டு சின்னக் குச்சிகள் மட்டும் முழுக்கப் பழுப்பு. பருத்த வேர்கள் கெட்டியாகத்தான் இருக்கின்றன. மூங்கில் குச்சி அடிவரை நனைந்து, மோசமான வாடையோடு வந்தது. தொட்டியிலிருந்து எடுத்தால், கீழே மூன்றில் ஒரு பங்கு வேர்கள் கறுப்பாக, கூழாக இருக்கின்றன. பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று வருகிறது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிச்சம். மேல்பகுதியில் வெளிர்நிற வேர்கள் இருக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், நட்டநடுவில் கைப்பிடி அளவு பழுப்பு உருண்டை ஒன்று வற்றிப்போய் உலர்ந்திருக்கிறது!

இன்னொன்று: இலைக்காம்பு சேரும் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ இருக்கிறது. கீழ் இலைகள் பிசுபிசுக்கின்றன.


வேர்க்கால்:

கழன்று வரும் தோல்தான் சந்தேகமற்ற அடையாளம். வேரழுகல். நடுவில் இருக்கும் உலர்ந்த உருண்டை, நாற்றங்காலில் முதன்முதலில் நட்ட பீட் கட்டி, அதாவது சதுப்பு நிலத்தில் பாசி மட்கி உண்டான மண். பீட் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு கீழே போய்த் தேங்கியிருக்கிறது. ஒரே தொட்டியில் நடுவில் பஞ்சம், அடியில் வெள்ளம். தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று கேட்டீர்களே, உங்கள் தொட்டியில் இரண்டுமே நடந்திருக்கிறது.

தொட்டி மாற்ற வேண்டியதுதான். சாதாரணமாக நலிந்த செடியின் வேரில் கை வைக்கக் கூடாது. அழுகல் அதற்கு விலக்கு, காத்திருந்தால் மேலே இருக்கும் நல்ல வேரையும் அது தின்றுவிடும். இரவில் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத இடத்தில் வைக்க முடியுமானால் தாமதிக்க வேண்டாம்.

இப்போதைக்கு அந்தப் பீங்கான் தொட்டி வேண்டாம். 12 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள, அடியில் நிறையத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோ, காய் கழுவும் துளைக்கூடையோ போதும். ஆழம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை முழு ஈரமாகவே நிற்கும். அதன் உயரம் மண் துகளின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. உங்கள் பழைய மண்ணில் அது 3 செ.மீ. என்று வையுங்கள். 5 செ.மீ. தொட்டியில் பாதிக்கு மேல் சேறு, 12 செ.மீ. தொட்டியில் கால்பங்குதான். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்துச் சொட்டு நிற்கும்வரை பொறுத்து, பிறகு செங்குத்தாக நிமிர்த்துங்கள். இன்னும் தண்ணீர் வடியும். அதே கணக்குதான்.

அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். இருக்கும் ஆழமும் குறையும்.

மண் கலவை: 5 பங்கு பியூமிஸ் கல் (நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த எரிமலைக் கல்), 3 பங்கு எரிமலைக் கல் அல்லது உடைத்த செங்கல், 2 பங்கு மரப்பட்டைத் துண்டு அல்லது தென்னை நார்த் துண்டு. எல்லாமே 3 முதல் 6 மி.மீ. பருமன். நார்த் தூள் வேண்டாம், துண்டுதான். பியூமிஸ் கிடைக்காவிட்டால் பெரிய மணி பெர்லைட் (சூட்டில் பொரியவைத்த வெள்ளை எரிமலைக் கல் மணி) போடலாம், மிதக்கும் என்பது ஒன்றே குறை. மெல்லிய ஆற்று மணல் மட்டும் கூடவே கூடாது, இடைவெளிகளை அடைத்து இறுக்கிவிடும். முதலில் 6 மி.மீ. கண் சல்லடையில் சலித்துப் பெரிய கல்லை ஒதுக்குங்கள். பிறகு 3 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுத்துத் தூசி போகக் கழுவுங்கள். தூளைக் கழிக்காமல் போட்டால் இவ்வளவு பாடும் வீண், அது அடியில் இறங்கி மறுபடி சேறாகும். உங்கள் பழைய தொட்டி 18 × 13 × 5, அதாவது 1.2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதிய தொட்டி பெரிது என்பதால் சலித்த பிறகு 2 லிட்டர் கைவசம் இருக்க வேண்டும். சலிப்பில் கணிசமாகக் கழியும், 3 லிட்டரில் ஆரம்பியுங்கள்.

பழைய மண்ணைக் குச்சியால் கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் மெல்ல உதிர்த்துவிடுங்கள். கறுத்த வேர்களை வெட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லோருக்கும் வரும் தயக்கம். வெட்டுமுகம் வெளிர்நிறமாக, கெட்டியாக, பால் கசிவதாக இருக்க வேண்டும், அதுவரை போகலாம். பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் அரை செ.மீ. உள்ளே போங்கள். நல்ல வேரில் ஒன்றைக்கூட அழகுக்காக வெட்டக் கூடாது. அழுகலிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போதெல்லாம் கத்தரியை 70% ஆல்கஹாலில் துடையுங்கள். இந்த வேலை முழுக்க நிழலில். பக்கத்தில் ஒரு தெளிப்பான் இருக்கட்டும், வெளியே கிடக்கும் வேர் சில நிமிடங்களிலேயே உலரத் தொடங்கும்.

நடுவிலிருக்கும் பீட் உருண்டையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறப்போடுங்கள். காற்றுக்குமிழ் வருவது நின்றதும் குச்சியால் நெகிழ்த்தி, உதிர்வதை எடுங்கள். வேர் பின்னிக்கிடந்து உதிர மறுக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். நான்கைந்து இடத்தில் குச்சியால் துளை போட்டால் போதும், மிச்சத்தை அடுத்த தொட்டி மாற்றத்தில் பார்க்கலாம்.

துளைக்கு மேல் வலை, அதன்மேல் 2 செ.மீ. கலவை, பிறகு செடி. 1.5 மி.மீ. கம்பியை அடித்துளை வழியாகக் கொண்டுவந்து பருத்த வேர்களின் மேலாகக் கட்டி மரத்தை அசையாமல் நிறுத்துங்கள். கம்பி படும் இடத்தில் ரப்பர் துண்டு வையுங்கள். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மரம் ஆடினால் புதிதாக வரும் முடி வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும், ஒரு மாதம் கழித்தும் பிடிப்பே இருக்காது. கட்டிய பிறகு கலவையைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு இடையே இறக்குங்கள். கையால் அமுக்காதீர்கள். கடைசியில் பூவாளியால், அடியில் வரும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றுங்கள்.


இலைப்பேன்:

அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. பிசுபிசுப்பு அது கழிக்கும் தேன்கழிவு. அதைத் தேடி எறும்பு வரும், விட்டால் அதன்மேல் கரும்பூசணமும் படரும். வேரழுகலுக்கு இது காரணமல்ல. ஆனால் நொந்த மரத்தில்தான் இது சீக்கிரம் பெருகும்.

தொட்டி மாற்றுவதற்கு முன்பே பூச்சியை எடுத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சியை 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொரு பஞ்சின் மேலும் வைத்து அழுத்துங்கள். வெள்ளை மெழுகு கரைந்து, அடியிலிருக்கும் இளஞ்சிவப்பு உடல் தெரியும். தெரிந்தால்தான் மருந்து பட்டது என்று அர்த்தம். காம்பின் கக்கம், கம்பி சுற்றின் அடி, இலையின் பின் நரம்பு, ஒட்டுப் போட்ட இடத்து வெடிப்பு, இந்த நாலும்தான் ஒளியும் இடங்கள். ஆல்கஹாலை இலை முழுக்கத் தெளிக்க வேண்டாம், கருகும்.

வேரை எடுக்கும்போது தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் மாவு படிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, பழைய மண் ஒரு துளிகூட மிஞ்சாமல் வேரைக் கழுவ வேண்டிவரும். வெள்ளை நூல் மட்டும் என்றால் சாதாரணப் பூஞ்சை இழையாக இருக்கலாம். விரலில் தேய்த்துப் பாருங்கள், பூச்சியென்றால் மெழுகுபோல வழுக்கும்.

முட்டை பொரித்துப் பிறகு வரும் குஞ்சுகளையும் ஒழிக்க வேண்டுமே, அதற்கு வேப்பெண்ணெய். 1 லிட்டர் இளஞ்சூட்டு நீரில் முதலில் 2 மி.லி. திரவ சோப்பைக் கலந்து, பிறகு 5 மி.லி. எண்ணெய் விட்டுப் பால்போல ஆகும்வரை குலுக்குங்கள். சோப்பு இல்லாமல் விட்டால் எண்ணெய் தனியே மிதந்து, ஒரு இலையில் வெறும் தண்ணீரும் அடுத்த இலையில் வெறும் எண்ணெயும் விழும். வெயில் இறங்கிய பிறகு, இலையின் பின்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒருநாள் பொறுங்கள். 7 நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்திருந்து பயனில்லை.

ஆனால் தொட்டி மாற்றிய அதே வாரம் எண்ணெய் வேண்டாம். முதல் வாரம் பஞ்சுக்குச்சி மட்டும்.


கல்தொட்டி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஜூனிபர். அறைக்குள்தான் இருக்கிறது. பச்சையாகத்தான் இருந்தது, ஒரே வாரத்தில் முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. மேலே சொன்ன வைத்தியமெல்லாம் இதற்கும் பொருந்துமா?


வேர்க்கால்:

பொருந்தாது. ஜூனிபர் ஊசியிலை மரம். வேர் செத்த பிறகும் இலை வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். நிறம் மாறியது இப்போதுதான், மரம் போனது அதற்கு வெகு முன்பே. சுரண்டிப் பாருங்கள். எங்குமே பச்சை இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஏதாவது ஒரு கிளை மிச்சமிருந்தால் உடனே வெளியே, காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜூனிபருக்கு வெட்டவெளியும், ஆண்டில் சில வாரங்களாவது குளிர்ந்த ஓய்வும் வேண்டும். அறைக்குள் அது பிழைப்பதில்லை. இரண்டு எச்சரிக்கை: ஃபைக்கஸுக்குச் செய்வதுபோல வேரை முழுதாக மண்ணின்றி உரிக்காதீர்கள். இலையே இல்லாத கட்டைக் கிளைவரை வெட்டவும் வெட்டாதீர்கள், ஃபைக்கஸ் அங்கிருந்து துளிர்க்கும், ஜூனிபர் துளிர்க்காது. போன்சாய் என்றாலே மேசைமேல் வைக்கும் பொருள் என்று விற்பவர்கள்தான் இந்த மரத்துக்கு முதல் எதிரி.


புதுத்துளிர்:

கூழாங்கல், பீட், அழுகல் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வேரில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. துளைக்கூடையில் கட்டி நட்டிருக்கிறேன். இனி எப்போது தண்ணீர், எப்போது உரம்? வேர் பாதி போய்விட்டதால் மிச்ச இலைகளையும் கிள்ளிவிட வேண்டும் என்று ஓரிடத்தில் படித்தேன். கிளையில் சுற்றியிருக்கும் அலுமினியக் கம்பியை என்ன செய்வது?


வேர்க்கால்:

இலையைக் கிள்ளாதீர்கள். புது வேர் விடுவதற்கான சர்க்கரை அந்த இலைகளில்தான் தயாராகிறது. தாங்க முடியாததை மரம் தானே கழித்துக்கொள்ளும். பழுப்பான இரண்டு குச்சிகளை மட்டும் எடுத்துவிடலாம்.

வேர் குறைந்த மரத்துக்கு இலை வழியாகப் போகும் ஈரத்தைக் குறைத்துக் கொடுப்பதுதான் உதவி. நான்கு குச்சி நட்டு, தொட்டியோடு சேர்த்து நிறமில்லாத பிளாஸ்டிக் பையால் கூடாரம்போல மூடுங்கள். பை இலையைத் தொடக் கூடாது. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வெயில் பட்டால் பைக்குள் வெந்துவிடும். தினமும் ஒருமுறை 5 நிமிடம் திறந்து காற்று விடுங்கள். இலைமேல் சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் பையைக் கொஞ்சம் கிழித்துவிடுங்கள். துளிர் வந்து இரண்டு மூன்று இலை விரிந்ததும் பையில் விரல் அளவுத் துளைகள் போடுங்கள், மூன்று நாளுக்கு ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போய், இரண்டு வாரத்தில் முழுதாக எடுத்துவிடலாம். ஒரே நாளில் எடுத்தால் அந்த இளம் இலைகள் சாயங்காலத்துக்குள் தொங்கிவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது. மூங்கில் குச்சியைத் தொட்டியிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டுத் தினமும் உருவிப் பாருங்கள். மேல் 2 செ.மீ. உலர்ந்து அதற்குக் கீழே லேசான ஈரம் என்றால் அன்றைக்கு ஊற்ற வேண்டும். ஈரம் மேல்வரை இருந்தால் ஊற்றாதீர்கள். பைக்குள் இருக்கும்வரை பல நாள் தேவைப்படாமலே போகலாம். ஊற்றும்போது அரை டம்ளர் கணக்கெல்லாம் கூடாது. அடியில் தாராளமாக ஓடும்வரை ஊற்றி, 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள். முதல் ஊற்றில் உலர்ந்த கல் நனையும், இரண்டாவதில்தான் நிறையக் குடிக்கும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கல் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது தண்ணீரின் உப்பு. மாதம் ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு அலசுங்கள், முடிந்தால் மழைநீர்.

உரம், புது இலைகள் விரிந்து கெட்டியாகிக் கரும்பச்சை ஆன பிறகுதான். துளிரைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் துளிர் பெரும்பாலும் தண்டிலும் பருத்த வேரிலும் இருக்கும் சேமிப்பிலிருந்து வருவது, வேர் ஒன்றுமே இல்லாமலும் வரும். அந்த இலைகள் விரிந்து நின்று நிலைத்தால்தான் வேர் வேலை செய்கிறது. அதற்கு 4 முதல் 8 வாரம் ஆகலாம். அப்போதும் புட்டியில் போட்டிருப்பதில் பாதி அளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில். பிறகு எப்போதாவது புது இலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை, பழைய இலை மொத்தமாக வெளிறினால் தழைச்சத்து போதவில்லை.

கிளைக் கம்பியை இன்றே எடுங்கள். சுற்றைப் பிரிக்காதீர்கள், கிளை முறியும், பட்டையும் உரியும். ஒவ்வொரு சுற்றையும் முனைக் கத்தரியால் தனித்தனியாக நறுக்கி எடுக்க வேண்டும். பட்டையில் பதிந்துபோன துண்டு இருந்தால் அதைத் தோண்டாமல் விட்டுவிடுங்கள்.

உங்களுடைய வகையில் இன்னொரு விஷயம். பருத்த வேரும் கீழ்த்தண்டும் விதையில் முளைத்த ஒரு செடி. மேலே சின்ன இலையோடு இருப்பது பெரும்பாலும் அதன்மேல் ஒட்டுப் போட்டது. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் வந்தால் இலை பெரிதாக, முரடாக இருக்கும். வழக்கமாகக் கிள்ளிவிடுவோம். இந்த ஆண்டு விட்டுவையுங்கள், எங்கிருந்து வந்தாலும் அது மரத்துக்குச் சோறு. தோற்றத்தைத் திருத்துவது, கிளை வெட்டுவது, பீங்கான் தொட்டிக்குத் திரும்புவது எல்லாம் மரம் ஒரு வளர்ச்சிப் பருவம் முழுக்கத் தடையில்லாமல் வளர்ந்த பிறகு.


சாளரம்:

ஒரு காப்பீடும் போட்டு வைங்க. பச்சையா இருக்குற கிளையில பென்சில்ல பாதி பருமனுக்கு, 10 செ.மீ. நீளத்துல ஒரே ஒரு குச்சி நறுக்குங்க. தாய்மரத்துக்கு அது தாங்கும், அதுக்கு மேல வேண்டாம். கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டி, பால் நிக்கிறவரைக்கும் ஓடுற தண்ணியில காட்டுங்க. உச்சியில இரண்டு இலை போதும், மிச்சத்தை எடுத்துட்டு, மூணுல ஒரு பங்கு பெர்லைட்டுக்குள்ள இறங்குற மாதிரி சொருகி அதே பைக்குள்ள வச்சிடுங்க. 20 டிகிரிக்கு மேல இருந்தா மூணு நாலு வாரத்துல வேர் பிடிக்கும். பிடிச்சுதான்னு இழுத்துப் பார்க்காதீங்க, புது இலை வர்ற வரைக்கும் பொறுங்க. நேரா பால் கையில படாம பார்த்துக்குங்க, சிலருக்குத் தோல் அரிக்கும். வீட்டுல பூனை, நாய் இருந்தா நறுக்கின துண்டை எட்டாம போடுங்க.


புதுத்துளிர்:

குச்சி நறுக்கினேன், பால் நன்றாகவே வந்தது. கம்பியில் இரண்டு சுற்று பதிந்திருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். பையைத் தண்ணீர் ஊற்றிய பிறகு மூட வேண்டுமா, கொஞ்சம் வடிந்த பிறகா?


வேர்க்கால்:

முழுதாக வடிந்த பிறகு. கூடையைச் சாய்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டும் நின்ற பிறகு மூடுங்கள். பையின் உட்சுவரில் காலையில் மெல்லிய ஆவிப்படலம் இருந்தால் சரியான அளவு. தாரை தாரையாக வழிந்தால் உள்ளே ஈரம் கூடுதல், அன்றைக்கு அரை மணி நேரம் திறந்து வையுங்கள்.